அந்த விளையாட்டுப் பெட்டியை விற்பதற்கு முன்...

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

கார் பந்தய வீடியோ கேமில் கடினமான ஒரு தடத்தை முழுதாகக் கற்றுத் தேறிய பிள்ளையை "படிப்பு ஏறாதவன்" என்று யாரும் சொல்லக் கூடாது. அவன் படிப்பு ஏறாதவன் அல்ல. படிப்பை அவனுக்கு ஏறுகிற மாதிரி நாம் இன்னும் தரவில்லை, அவ்வளவுதான். இதுதான் என் கருத்து. பெற்றோர் பலருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கையின் பேரன். பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் சமூக அறிவியலிலும் மதிப்பெண் மிகக் குறைவு. "இந்த மாதக் கடைசிக்குள் பிளேஸ்டேஷனை விற்றுவிடப் போகிறேன்" என்று மாப்பிள்ளை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பையனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான் என்பது யாருக்கும் நினைவில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதீங்க பெரிய பாட்டி" என்றான். போடவில்லை.

அவன் விளையாடுவது கிரான் டூரிஸ்மோ 7. அதில் அவன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய தடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். அதன் பழைய வடக்கு வளையத்தை நார்ட்ஷ்லைஃபே என்பார்கள். கேமுக்காகக் கற்பனையில் உருவாக்கிய தடம் இல்லை இது. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927-ல் திறந்த உண்மையான சாலை. ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர், 73 வளைவுகள், மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். மூன்று முறை உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டீவர்ட் இதற்கு வைத்த பெயர் "பச்சை நரகம்".

தடத்தை அச்சு அசலாக அளந்து கேமுக்குள் வைத்திருக்கிறார்கள். பையன் 73 வளைவுகளையும் வரிசையாகச் சொல்வான். எங்கே பிரேக், எங்கே எந்த கியர், எந்த முகட்டில் கார் லேசாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இதே பையனைத்தான் "மனப்பாடமே வராது" என்கிறோம்.

அவன் எப்படிக் கற்றான் என்று பார்க்க விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பார்த்தால் மட்டும் போதாது என்று நானும் கையில் எடுத்தேன். நான் ரிமோட் என்பேன், அவன் கன்ட்ரோலர் என்று திருத்துவான். சின்ன மாஸ்டா கார் ஒன்றைக் கொடுத்தான். என் முதல் முழுச்சுற்றுக்கு 14 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் தாளில் படித்தவை எல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரிந்தன. அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பகுதி பகுதியாகக் கற்பது. 20 கிலோமீட்டரை முழுதாகவே சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு வளைவைத் திரும்பப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் முதல் முறை என்ன செய்தோம் என்பதே மறந்துவிடும். இந்த கேமில் "சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. தடத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நேரம் வைத்திருக்கிறார்கள். தடத்தை விட்டு வெளியே போனால் அந்த முயற்சி செல்லாது. உடனே மறுபடி தொடங்கலாம். எல்லாத் துண்டும் தேறிய பிறகு முழுச்சுற்று. "முயன்று தவறிக் கற்றல்" என்று தார்ன்டைக்கின் பெயரோடு நாங்கள் படித்தது இதுதான். ஆனால் வகுப்பில் 40 பேரை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்கில் எத்தனை முறை தவற வாய்ப்புக் கொடுக்க முடிகிறது? மூன்றாவது முறை தவறினால் மற்ற பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இயந்திரம் சிரிப்பதில்லை, பெருமூச்சு விடுவதில்லை, "போன வாரமே சொன்னேனே" என்று சொல்வதில்லை.

இரண்டாவது, பிழை நடந்த இடம் வேறு, பிழை பிறந்த இடம் வேறு. தடத்தின் தொடக்கத்தில் ஹாட்ஸன்பாக் என்று காட்டுக்குள் ஒரு பகுதி வருகிறது. இடது, வலது, இடது, வலது என்று வளைவுகள் மூச்சு விடாமல் வரும். நான் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தேன். அந்த வளைவில் இன்னும் மெதுவாகப் போகலாம் என்றால், பையன் சொன்னான்: "அங்கே ஒண்ணும் தப்பில்ல பெரிய பாட்டி. அதுக்கு ரெண்டு வளைவு முன்னாடியே நீங்க தப்பான பக்கம் வந்துட்டீங்க." அவன் சொன்ன இடத்தில் காரைச் சற்று ஓரமாக வைத்தேன். மூன்று வளைவுகளும் தானாக அவிழ்ந்தன.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை ஆசிரியராக்கலாம். பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தில் விழுகிற பிள்ளைகளில் பலர் உண்மையில் விழுந்தது ஆறாம் வகுப்பில், பின்னங்களில். நாம் பத்தாம் வகுப்புக் கணக்கையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். இரண்டு வளைவு பின்னால் போய்ப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, மெதுவாக நுழைந்து வேகமாக வெளியேறுவது. டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி, அளவாகத்தான் வரும். பிரேக் போடுவதும் அதிலிருந்துதான் செலவு, திரும்புவதும் அதிலிருந்துதான் செலவு. முழுச் சம்பளத்தையும் பிரேக்கிலேயே செலவழித்தால் திரும்பக் காசு இருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராகவே போகும். அதனால் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அமைதியாகத் திரும்பி, வெளியே வரும்போது முடுக்க வேண்டும்.

எந்த வளைவில் இது மிக முக்கியம் என்பதையும் பையனே கண்டுபிடித்து வைத்திருந்தான். பெர்க்வெர்க் என்ற வலது வளைவு. அதைத் தாண்டினால் நீண்ட ஏற்றம். வளைவை விட்டு வெளியே வரும் வேகம்தான் அந்த ஏற்றம் முழுவதும் கூட வரும். அங்கே இழந்த வேகத்தை மேலே ஏறும் வரை மீட்க முடியாது. எல்லா வளைவும் சமமில்லை, எதற்குப் பின்னால் நீண்ட பாதை இருக்கிறதோ அதை முதலில் பழக வேண்டும் என்றான். பாடத்திலும் அப்படித்தான். பெருக்கல் வாய்ப்பாடும், பிழையில்லாமல் வாசிப்பதும் அப்படிப்பட்ட வளைவுகள். அவற்றுக்குப் பின்னால் பத்து வருடப் படிப்பு நீண்டு கிடக்கிறது.

நான்காவது, மனப்பாடம். இன்று மனப்பாடம் என்றாலே கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஃபுக்ஸ்ரோர என்று ஒரு செங்குத்தான இறக்கம் உண்டு. அதில் பாய்ந்து இறங்கி, அடியில் அழுந்தி, மறுபடி மேடேறினால் ஒரு முகடு. முகட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஆடனாவர் ஃபோர்ஸ்ட் என்ற மிக மெதுவான இட-வல வளைவு. புதிதாக வருகிறவர்கள் வழி தவறுவதற்குப் பேர் போன இடம். வளைவு கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். அங்கே கூர்மையான கண் உதவாது, வேகமான கை உதவாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அவன் அதைப் பட்டியலாக உருப்போடவில்லை. ஒரு வேலி, ஒரு மரம், சாலையில் ஒரு கறை என்று ஒவ்வொன்றையும் ஓர் அடையாளத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறான். காருசெல் என்ற, சரிவான கான்கிரீட் பள்ளத்துக்குள் இறங்கிச் சுற்றும் வளைவுக்கு, "எதிரே தெரியும் மிக உயரமான மரத்தைக் குறி வை" என்று அந்தக் காலத்து மேதை ஃபான்ஜியோ சொல்லிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. நல்ல மனப்பாடம் என்பது இதுதான். எதற்காக நினைவில் வைக்கிறோம் என்பது தெரிந்து, ஒன்றோடு ஒன்று கோத்து வைப்பது. சமூக அறிவியலில் ஆண்டுகளை அப்படிக் கோத்துக் கொடுத்தால் அவனுக்கு ஏறாதா?

ஐந்தாவது, துணைக்கோடு. புதியவர்களுக்காக எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று சாலையிலேயே கோடு காட்டும் வசதி கேமில் இருக்கிறது. தொடக்கத்தில் அது தேவை. ஆனால் அதையே பார்த்து ஓட்டினால் தடம் மனதில் பதிவதே இல்லை. பையன் இரண்டு வாரத்தில் அணைத்துவிட்டான். முதல் நாள் நேரம் மோசமானது, பிறகு முன்பைவிட நன்றாக வந்தது. என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இரட்டைக்கோடு நோட்டு நினைவிருக்கும். பிறகு ஒற்றைக்கோடு, பிறகு கோடில்லாத தாள். கோட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று அறிவதுதான் ஆசிரியரின் வேலை. இன்று பன்னிரண்டாம் வகுப்பு வரை கோனார் உரையும் டியூஷன் குறிப்பும் கோடு போட்டபடியே இருக்கின்றன.

ஆறாவது, யாரோடு போட்டி? நேரச்சுற்றில் பையனுக்கு முன்னால் கண்ணாடி போல ஒரு கார் ஓடும். அது வேறு யாரும் இல்லை, அவனே முன்பு ஓட்டிய மிகச் சிறந்த சுற்று. அதற்குப் "பேய்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கே அந்தப் பேய் விலகிப் போகிறதோ அங்கே நேரத்தை இழக்கிறோம் என்று அந்த நொடியே தெரியும். "பக்கத்து வீட்டுப் பையன் 480 வாங்கியிருக்கான்" என்பதைவிட இது ஆயிரம் மடங்கு பயனுள்ள தகவல். பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண் நம் பையனுக்கு எந்த வளைவையும் காட்டுவதில்லை.

ஒரு கட்டத்தில் மூன்று வாரம் அவன் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இதற்கும் எங்கள் பாடத்தில் பெயர் உண்டு: தேக்க நிலை. 1897-ல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்கர்கள் தந்தி பழகுகிறவர்களை ஆராய்ந்தபோது இதைக் கண்டார்கள். எழுத்து எழுத்தாகக் கேட்டவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் முன் கொஞ்ச காலம் முன்னேற்றமே தெரியாமல் நின்றார்கள். பையனும் அப்படித்தான் நின்றான். பிறகு நாலு வளைவை ஒரே வளைவாக ஓட்டத் தொடங்கினான், நேரம் மளமளவென்று குறைந்தது. கேமில் அந்த மூன்று வாரத்தை அவனுக்குக் கொடுத்தோம். கணக்கில் மூன்று வாரம் தேங்கினால் "இனி உருப்படமாட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இப்போது ஜாக்கி ஸ்டீவர்ட்டைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காட்லாந்துக்காரர். 1968-ல் இதே வடக்கு வளையத்தில், மழையும் மூடுபனியும் சேர்ந்த நாளில், அடிபட்ட மணிக்கட்டோடு ஓட்டி, இரண்டாவதாக வந்தவரைவிட நாலு நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்து ஜெயித்தார். கார் பந்தயத்தில் நொடிக் கணக்கில்தான் வெற்றி தோல்வி. நாலு நிமிடம் என்பது நம்ப முடியாத இடைவெளி.

அப்படிப்பட்டவர் பள்ளியில் மந்தபுத்தி என்று பெயர் வாங்கியவர். வாசிக்க வராது. இளம் வயதிலேயே பள்ளியை விட்டார். 40 வயதைத் தாண்டிய பிறகு, தன் மகனைப் பரிசோதித்தபோதுதான், தனக்கும் டிஸ்லெக்சியா இருப்பது அவருக்குத் தெரிந்தது. மூன்று உலகப் பட்டங்கள் வென்று ஓய்வும் பெற்ற பிறகு! ஆங்கில எழுத்துகளை இன்றும் வரிசையாகச் சொல்ல வராது, ஆனால் அந்தக் கால நூர்பர்க்ரிங்கின் 187 வளைவுகளும் கியரோடும் பிரேக்கோடும் நினைவிருக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். (அன்று தடம் இன்னும் நீளம். சின்ன நெளிவுகளையும் சேர்த்து அவர் எண்ணிய கணக்கு அது.)

நம் பையனுக்கும் அதே குறை என்று நான் சொல்லவில்லை. அதை முறையாகப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். எழுத்துகள் மாறுவது, வாசிக்கையில் வரி தாவுவது, வாயால் சொல்வதை எழுத முடியாமல் திணறுவது போன்றவை ஒரு பிள்ளையிடம் தொடர்ந்து இருந்தால் தாமதிக்காமல் பரிசோதியுங்கள். நம் மாநிலப் பொதுத்தேர்வில் அப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. கேட்கக் கூச்சப்பட்டே பலர் இழக்கிறார்கள்.

இனி மறுபக்கம். "டீச்சரே வீடியோ கேம் ஆடச் சொல்லிட்டாங்க" என்று இதை வீட்டில் காட்டப் போகிற பிள்ளைகளுக்காக.

கேம் கற்கும் முறையைக் கற்றுத் தருகிறது. சாலையில் ஓட்டக் கற்றுத் தருவதில்லை. 1976-ல் அதே பெர்க்வெர்க்குக்குச் சற்று முன்னால்தான் நிக்கி லௌடாவின் கார் தீப்பிடித்தது. சக ஓட்டுநர்கள் அவரை இழுத்து வெளியே எடுத்தார்கள். ஃபார்முலா ஒன் அதன் பிறகு அந்த வளையத்துக்குத் திரும்பவே இல்லை. ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர் இதே கிரான் டூரிஸ்மோ கேமில் தேர்வாகி உண்மையான பந்தய ஓட்டுநராக உயர்ந்தவர். அவர் வாழ்க்கை 2023-ல் திரைப்படமாகவும் வந்தது. 2015 மார்ச்சில், ஃப்ளுக்பிளாட்ஸ் என்ற முகட்டில் அவர் கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டியது. பார்வையாளர் ஒருவர் இறந்தார். முறையான பயிற்சியும் பல ஆண்டு அனுபவமும் உள்ளவருக்கே அந்த முகட்டில் அப்படி நேர்ந்தது. உண்மைச் சாலையில் "மறுபடி தொடங்கு" பொத்தான் கிடையாது. பதினாறு வயதில் அப்பாவின் பைக்கை எடுக்கத் துடிக்கும் என் பேரப்பிள்ளைகள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும்.

நேரமும் அப்படித்தான். கையால் பழகியதை மூளை தூக்கத்தில்தான் நிலைப்படுத்துகிறது. நள்ளிரவு வரை ஓட்டுகிறவன் படிப்பை மட்டுமல்ல, அந்த வளைவுகளையும் சேர்த்தே இழக்கிறான். பையனின் நல்ல நேரங்கள் எல்லாம் முதல் முக்கால் மணி நேரத்தில் வந்தவை. அதற்கு மேல் ஓட்டியவற்றில் பிழைதான் கூடியது. இது அவன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இன்னொன்று, கேமுக்குள் உண்மைப் பணம் கொடுத்துக் கார் வாங்கும் வழியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைப் பெற்றோர் பூட்டி வைப்பது நல்லது.

அதனால் மாப்பிள்ளை, உங்களுக்கு என் வேண்டுகோள் இது. பெட்டியை விற்காதீர்கள். விற்றால் அவனுக்குப் போவது கேம் மட்டுமல்ல. "நான் ஒரு கடினமான விஷயத்தை முழுசாகக் கற்றிருக்கிறேன்" என்று அவன் சொல்லிக்கொள்ள இப்போதைக்கு இருக்கும் ஒரே சான்றும் போய்விடும். படிப்பைக் கட்டிப்போட்டு உட்கார வைக்கலாம், அந்த நம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது.

விற்பதற்குப் பதிலாக இதைச் செய்து பாருங்கள். தேர்வு வரை தினமும் முக்கால் மணி நேரம், கடிகாரம் வைத்து. இரவு ஒன்பதுக்கு மேல் கிடையாது. கணக்குப் பாடத்தை அவன் தடத்தை வெட்டியது போலத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள், அவன் கையாலேயே. ஒவ்வொரு துண்டுக்கும் வெண்கலம், வெள்ளி, தங்கம் அவனே வைக்கட்டும். எந்தத் துண்டில் விழுகிறானோ அதற்கு இரண்டு துண்டு பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். போன வார மதிப்பெண்ணை "பேய்" ஆக்கி எதிரே வையுங்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் குழுவிலிருந்து வெளியே அனுப்புங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோ அழைப்பில் நான் வருகிறேன். பின்னங்களிலிருந்து தொடங்குவோம். அவன் சம்மதித்துவிட்டான். நீங்களும் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த 73 வளைவுகளையும் அவன் வாயால் கேளுங்கள். அதற்குப் பிறகும் விற்க வேண்டும் என்று தோன்றினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் இதே வார்த்தைதான். உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை எதை நன்றாகக் கற்று வைத்திருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். கேமாக இருக்கலாம், கிரிக்கெட் புள்ளிவிவரமாக இருக்கலாம், புறா வளர்ப்பாக இருக்கலாம். எப்படிக் கற்றாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் உங்கள் பாடத்தை அவனுக்கு நடத்தும் வழி இருக்கும்.

என் முழுச்சுற்று நேரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது 11 நிமிடத்துக்குச் சற்றுக் கீழே. ஆடனாவர் ஃபோர்ஸ்ட் இன்னும் எனக்கு வெண்கலம்தான். இந்த வாரம் வெள்ளிக்கு முயல்கிறேன்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். மாறுபட்ட கருத்தானாலும் தயங்க வேண்டாம், டீச்சர் பிரம்பை எடுக்கமாட்டேன். எல்லோரும் நலமாக இருங்கள்.